மூன்றால் பெருக்கிய கணக்கு

ஏழைகளை எண்ணிய கதை – 7

சென்ற இதழில், யார்க் நகரத்து சாக்லேட் முதலாளி வீட்டுப் பிள்ளையான சீபோம் ரவுண்ட்ரீ 1899இல் வீடு வீடாக ஆளனுப்பி ஏழைகளைக் கணக்கெடுத்ததைப் பார்த்தோம். அது ஒரு தனிமனிதர் தன் சொந்த அக்கறையில் செய்த வேலை. அரசாங்கம் அவரைக் கேட்கவில்லை. ஓர் அரசாங்கம் தானே முன்வந்து, 'இந்தத் தொகைக்குக் கீழே இருந்தால் ஏழை' என்று கோடு போட்டு, வருடம் தவறாமல் அதன்கீழ் இத்தனை குழந்தைகள் என்று அறிவிக்க ஆரம்பித்தது அறுபது வருடத்துக்குப் பிறகு, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம். அந்தக் கோட்டுக்குக் கணக்குப் போட்டவர் வாஷிங்டனில் வேலை பார்த்த ஒரு புள்ளிவிவர அதிகாரி. அவர் பெயர் மோலி ஓர்ஷான்ஸ்கி.

உக்ரைனிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். 1915இல் நியூயார்க்கில் பிறந்தார். வீட்டில் ஆறு பெண்கள். அப்பாவின் சம்பாத்தியம் அத்தனை பேருக்கும் போதவில்லை. ஒரு கட்டிலில் இரண்டு பேராகப் படுத்து வளர்ந்தவர்கள். நிவாரணப் பொருள் வாங்க அம்மாவுடன் வரிசையில் போய் நின்றிருக்கிறார். அந்தக் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்தவரும் கல்லூரிக்குப் போனவரும் முதலில் இவர்தான். ஹன்டர் கல்லூரியில் கணக்கும் புள்ளியியலும் படித்து 1935இல் பட்டம் வாங்கினார். ஏழைகளைப் பற்றி எழுதக் கற்பனை வேண்டாம், ஞாபகசக்தி இருந்தால் போதும் என்று பின்னாளில் பேட்டி எடுக்க வந்தவர்களிடம் சொல்வாராம். அரசுப் புள்ளிவிவரக்காரர்களில் இப்படிப் பேசக்கூடியவர்கள் எந்த நாட்டிலும் அதிகம் இல்லை.

முதலில் அரசின் குழந்தைகள் நலப் பிரிவில் வேலை. பிறகு வேளாண் துறையில் பல வருடம், குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன, என்ன சாப்பிடுகின்றன என்ற ஆராய்ச்சியில். 1958இல் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு மாறினார். அங்கே 1963இல் அவருக்கு வந்த வேலை, வறுமை குழந்தைகளை எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்து எழுதுவது. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரு வறுமைக்கோடு போடு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் எவை அதிக ஆபத்தில் இருக்கின்றன என்று ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு ஓர் அளவு தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

அளவு எங்கே கிடைக்கும்? வாடகை எவ்வளவு இருந்தால் போதும், துணிக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்கு அரசிடம் இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் இருந்தது. அவர் முன்பு வேலை பார்த்த வேளாண் துறையே அதைத் தயாரித்து வைத்திருந்தது: எந்த வயதுக்காரருக்கு வாரத்துக்கு எவ்வளவு பால், எவ்வளவு உருளைக்கிழங்கு, எவ்வளவு மாவு, எத்தனை முட்டை என்று பட்டியல் போட்டு, கடைவிலையில் கூட்டிச் சொன்ன உணவுத் திட்டங்கள். அவற்றில் 'குறைந்த செலவுத் திட்டம்' என்று ஒன்று. அதற்கும் கீழே 'சிக்கனத் திட்டம்' என்று இன்னொன்று. இரண்டாவது, கையில் காசு முடைப்பட்டிருக்கும்போது தற்காலிகமாகச் சமாளிக்க மட்டுமே என்று வேளாண் துறையே சொல்லியிருந்தது.

இனி சாப்பாட்டிலிருந்து மொத்தச் செலவுக்குப் போக வேண்டும். வேளாண் துறை 1955இல் நடத்திய உணவுக் கணக்கெடுப்பு ஒன்று இருந்தது. மூன்று பேரும் அதற்கு மேலும் உள்ள குடும்பங்கள், வரி போகக் கைக்கு வந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தன என்று அதில் தெரிந்தது. ஓர்ஷான்ஸ்கி சாப்பாட்டுச் செலவை மூன்றால் பெருக்கினார். இன்றைக்கு வரை கோடிக்கணக்கான அமெரிக்கக் குழந்தைகளை ஏழை, ஏழையில்லை என்று பிரிக்கும் கணக்கின் மூலம் இந்த ஒரு பெருக்கல்தான்.

கேட்க அலட்சியமாகத் தோன்றலாம். அவர் அலட்சியமாகச் செய்யவில்லை. இரண்டே பேர் உள்ள வீட்டில் வாடகை, விளக்கு போன்ற நிலையான செலவுகளின் பங்கு கூடுதல் என்பதால் அங்கே மூன்றுக்குப் பதில் 3.7ஆல் பெருக்கினார். வீட்டில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் குழந்தைகள், குடும்பத் தலைவர் ஆணா பெண்ணா, முதியவரா, பண்ணைக் குடும்பமா, ஊர்க் குடும்பமா என்று பார்த்துப் பார்த்துப் பிரித்ததில் 1965க்குள் மொத்தம் 124 கோடுகள் வந்தன. பண்ணைக் குடும்பத்துக்குக் காய்கறியும் பாலும் வீட்டிலேயே கிடைக்கும் என்று அவர்களின் கோட்டை மற்றவர்களுடையதில் 60 சதவீதமாக வைத்தார். ஆண் இல்லாத வீட்டுக்குக் கோடு கொஞ்சம் தாழ்ந்தது, பெண் சாப்பிடும் அளவு குறைவு என்ற உணவுப் பட்டியலின் கணக்கால். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் ஏழையா என்று பார்க்கும்போது, அவள் தட்டில் ஒரு கரண்டி குறைத்துப் போட்டுப் பார்த்த இந்த வேறுபாடு 1981 வரை அரசாங்கக் கணக்கில் இருந்தது.

அந்தச் சிக்கனத் திட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம். பண்ணை இல்லாத நான்கு பேர் குடும்பத்துக்கு அவர் கணக்கில் வந்த வருடத் தொகை 1963 விலையில் சுமார் 3,130 டாலர். அதில் மூன்றில் ஒரு பங்கை நான்கு பேருக்கும் 365 நாளுக்கும் பிரித்தால், ஓர் ஆளுக்கு ஒரு நாள் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்துச் சுமார் 70 சென்ட். இந்தக் காசில் சத்துக் குறையாமல் சாப்பிட வேண்டுமானால், வீட்டுக்காரி விலை விசாரித்து வாங்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும். வீணடிக்காமல் சமைக்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும். எல்லா வேளையும் வீட்டிலேயே சமைக்க வேண்டும். வேலைக்குப் போகும் கணவன் வெளியே சாப்பிடுவதற்கோ, பள்ளிக்கூடத்தில் பிள்ளை எதையாவது வாங்கித் தின்பதற்கோ அதில் இடம் இல்லை. இந்த நிபந்தனைகளை ஓர்ஷான்ஸ்கி ஒளிக்கவில்லை, கட்டுரையிலேயே எழுதினார். எவ்வளவு இருந்தால் போதும் என்று அடித்துச் சொல்ல முடியாது. எவ்வளவு என்றால் நிச்சயமாகப் போதாது என்று மட்டும் சொல்லலாம் என்பது அவர் நிலை. கணக்கு போட்டவருக்கே இருந்த இந்த அடக்கம், அதைப் பயன்படுத்தியவர்களிடம் பிறகு காணாமல் போயிற்று.

'ஏழைகளின் குழந்தைகள்' என்ற அந்தக் கட்டுரை 1963 ஜூலையில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மாத இதழில் வந்தது. ஆறு மாதத்தில் நாட்டு நிலைமை மாறிவிட்டது. கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு ஜான்சன் வந்தார். 1964 ஜனவரி 8ஆம் தேதி, வறுமைக்கு எதிரான போர் என்று காங்கிரஸில் அறிவித்தார். போர் என்றால் எதிரி எத்தனை பேர் என்று தெரிய வேண்டாமா? ஜனாதிபதியின் பொருளாதார ஆலோசகர் குழு அவசரமாக ஒரு கோடு போட்டது. குடும்பம் என்றால் வருடத்துக்கு 3,000 டாலர், தனியாள் என்றால் 1,500. ஓர்ஷான்ஸ்கியின் கணக்கும் அவர்கள் பார்வைக்கு வந்திருந்தது, தங்கள் அறிக்கையில் அதைச் சொல்லவும் செய்தார்கள். ஆனாலும் உருண்டையான எண்ணில்தான் நின்றார்கள்.

குடும்பம் என்றால் 3,000. இரண்டு பேர் குடும்பமானாலும் 3,000, எட்டு பேர் குடும்பமானாலும் அதே 3,000.

ஓர்ஷான்ஸ்கிக்கு இது பொறுக்கவில்லை. ஏன் என்று இரண்டு வீடுகளை வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட முதிய தம்பதி ஒன்று, வருட வருமானம் 2,900 டாலர். அடுத்த தெருவில் அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள் என ஆறு பேர், வருட வருமானம் 3,100. ஆலோசகர் குழுவின் கணக்கில் முதியவர்கள் ஏழை, ஆறு பேர் குடும்பம் ஏழையில்லை. ஓர்ஷான்ஸ்கியின் அட்டவணையிலோ முதிய தம்பதிக்குக் கோடு 1,850 டாலர் அளவில் இருந்தது, ஆறு பேருக்கு 4,135 அளவில். முடிவு அப்படியே தலைகீழாகிவிடும். 1965 ஜனவரியில் அவர் மறுபடி எழுதினார், இந்த முறை குழந்தைகளோடு நிறுத்தாமல் எல்லா வகைக் குடும்பங்களுக்கும் கணக்குப் போட்டு. நாட்டின் மொத்த ஏழைகள் எண்ணிக்கை இரண்டு முறையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 3 கோடியே 30, 40 லட்சம். ஆனால் அதற்குள் இருந்த ஆட்கள் வேறு. அவர் எண்ணிக்கையில் 1 கோடியே 50 லட்சம் குழந்தைகள் இருந்தார்கள்; ஆலோசகர் குழுவின் எண்ணிக்கையில் இருந்ததைவிடச் சுமார் 40 லட்சம் கூடுதல்.

மொத்தத் தொகை மாறாமலே 40 லட்சம் பிள்ளைகள் உள்ளே வரவும் வெளியே போகவும் முடிகிறது. வறுமை அளவீட்டின் வரலாற்றில் இதைவிட முக்கியமான ஒரு பக்கம் இல்லை என்பது என் எண்ணம். எத்தனை பேர் ஏழை என்ற சண்டை எப்போதும் பத்திரிகையில் வரும். யார் ஏழை என்பது அட்டவணைக்குள் சத்தமில்லாமல் முடிவாகிவிடும்.

வறுமைக்கு எதிரான போரை நடத்த சார்ஜென்ட் ஷ்ரைவர் தலைமையில் அமைந்த பொருளாதார வாய்ப்பு அலுவலகம் 1965 மே மாதம் ஓர்ஷான்ஸ்கியின் கோட்டை எடுத்துக்கொண்டது. அவர் இரண்டு கோடுகள் கொடுத்திருந்தார்: குறைந்த செலவுத் திட்டத்தை வைத்து ஒன்று, அதைவிடத் தாழ்ந்த சிக்கனத் திட்டத்தை வைத்து ஒன்று. அலுவலகம் எடுத்தது தாழ்ந்ததை. நிதி ஒதுக்கியவர்கள் கண்ணில் வேறு எது படும்? தற்காலிகமாகச் சமாளிக்க என்று எழுதிவைத்த சாப்பாட்டுப் பட்டியல், நாட்டின் நிரந்தர வறுமைக்கோடாக ஆயிற்று.

நிரந்தரம் என்று சொன்னது சும்மா இல்லை. அடுத்த மூன்று நான்கு வருடத்திலேயே சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்து ஆட்களுக்கு உறுத்தத் தொடங்கிவிட்டது. மக்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்துகொண்டே போகிறது. கோடு மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது. 1968இல் கொஞ்சம் உயர்த்தலாம் என்று திட்டம் போட்டார்கள். அரசின் வரவுசெலவைப் பார்க்கும் பட்ஜெட் பீரோ வேண்டாம் என்றது. கோடு உயர்ந்தால் ஏழைகள் எண்ணிக்கை உயரும். போர் தொடங்கி நான்கு வருடத்தில் எதிரிப்படை பெருத்துவிட்டது என்று எந்த நிர்வாகம் அறிவிக்கும்? ஒரு கமிட்டி உட்கார்ந்து பேசியது. 1969 ஆகஸ்டில் முடிவு வந்தது. உணவுத் திட்டத்தோடு கோட்டுக்கு இருந்த தொடர்பு அறுக்கப்பட்டது. இனி வருடா வருடம் பொது விலைவாசிக் குறியீடு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மட்டும் கோடும் ஏறும். பண்ணைக் குடும்பங்களின் கோடு மட்டும் 85 சதவீதமாக உயர்ந்தது. இதுவே அமெரிக்க அரசின் அதிகாரபூர்வ வறுமைக்கோடு என்று எல்லாத் துறைகளுக்கும் உத்தரவு போயிற்று.

ஓர்ஷான்ஸ்கி 1982இல் ஓய்வு பெற்று, 2006இல் காலமானார். தன் கோடு வறுமையைக் குறைத்துக் காட்டுகிறது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிரயோஜனமில்லை. 1963இல் நான்கு பேர் குடும்பத்தின் நடுத்தர வருமானத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்த அந்தக் கோடு, இப்போது மூன்றில் ஒன்றுக்கும் கீழே. அமெரிக்கக் குடும்பங்கள் இன்று சாப்பாட்டுக்குச் செலவழிப்பது மொத்தச் செலவில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். வாடகையும் மருத்துவமும் பிள்ளை பார்ப்பகத்துக் கட்டணமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஓர்ஷான்ஸ்கியின் வழியிலேயே இன்று கணக்குப் போட்டால் மூன்றால் இல்லை, எட்டால் பெருக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை. சிக்கனத் திட்டத்தின் வாரிசான உணவுத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் வேளாண் துறை புதுப்பித்தது. அதனால் உணவு உதவி 21 சதவீதம் உயர்ந்தது. அந்தத் திட்டத்தின் வயிற்றில் பிறந்த வறுமைக்கோடு ஒரு டாலர்கூட நகரவில்லை. கொடியை 1969லேயே அறுத்துவிட்டார்களே.

கோடு எவ்வளவு உயரத்தில் என்பது பாதிக் கதைதான். அந்தக் கோட்டோடு எதை ஒப்பிடுகிறோம் என்பது மறுபாதி. அமெரிக்காவில் வருடந்தோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கணக்கெடுப்பு ஊழியர்கள் தேர்ந்தெடுத்த வீடுகளில், நேரிலும் தொலைபேசியிலும், சென்ற வருடம் உங்கள் வருமானம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, வேலையில்லாக் காலப்படி, ரொக்கமாகக் கிடைத்த அரசு உதவி எல்லாம் கேள்வியில் உண்டு. வரி பிடிப்பதற்கு முந்தைய ரொக்கம் இது. இந்தத் தொகை கோட்டுக்கு மேலே என்றால் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஏழையில்லை, கீழே என்றால் ஏழை.

1960களின் தொடக்கத்தில் இதில் பெரிய பிசகு இல்லை. ஏழைக்கு அரசு எதையாவது கொடுத்தால் பெரும்பாலும் ரொக்கமாகத்தான் கொடுத்தது. அதன்பிறகு வந்த, வளர்ந்த பெரிய உதவிகளில் பெரும்பாலானவை வேறு உருவம் எடுத்தன. ஃபுட் ஸ்டாம்ப் என்ற உணவு உதவி, வாடகை மானியம், பள்ளி மதிய உணவு, 1975இல் வந்த உழைப்பு வருமான வரிச்சலுகை, 1997இல் வந்த குழந்தை வரிச்சலுகை. இவற்றில் ஒன்றுகூட அதிகாரபூர்வக் கணக்கில் வருமானமாகச் சேராது. காய்ச்சல்காரனுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, கொடுப்பதற்கு முன்னால் பார்த்த சூட்டையே மறுநாளும் அதற்கு மறுநாளும் எழுதிவைப்பது போன்றது இது. ஃபுட் ஸ்டாம்பில் அரசு எவ்வளவு கோடி டாலர் கொட்டினாலும் அதிகாரபூர்வக் குழந்தை வறுமை ஒரு புள்ளிகூட இறங்காது. அந்த உதவியை நாளைக்கே நிறுத்தினாலும் ஏறாது.

இதில் லாபம் யாருக்கு? குழந்தை வறுமை 1959இல் 27.3 சதவீதம், 1969இல் 14 சதவீதம். அதன்பிறகு ஏறி 1983இல் 22.3, 1993இல் 22.7. எண்ணைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? இத்தனை வருடம் செலவழித்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான். 1988 ஜனவரியில் ரேகன், மத்திய அரசு வறுமைமேல் போர் தொடுத்தது, வறுமை ஜெயித்துவிட்டது என்று காங்கிரஸில் கிண்டலாகவே சொன்னார். பாதி ஆயுதங்களைக் கணக்கில் சேர்க்காத அளவுகோலை வைத்துக்கொண்டு போரின் முடிவைச் சொன்ன பேச்சு அது. 1980களில் வேலையிழப்பும் உண்மை, தனித்தாய்க் குடும்பங்கள் பெருகியதும் உண்மை, குழந்தைகளின் கஷ்டம் கூடியதும் உண்மை. உதவி பயன்பட்டதா என்ற கேள்விக்கு மட்டும் அந்த எண் பதில் சொல்லவே முடியாது. சொல்லும்படி வைத்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. வரிகளையும் மருத்துவச் செலவையும் வேலைக்குப் போகும் தாய் பிள்ளை பார்ப்பகத்துக்குக் கட்டும் பணத்தையும் இந்தக் கணக்கு கழிப்பதில்லை. நியூயார்க்கில் ஒரு அறைக்கு என்ன வாடகை, மிசிசிப்பிக் கிராமத்தில் ஒரு வீட்டுக்கு என்ன வாடகை என்ற வித்தியாசமும் இதற்குத் தெரியாது. நாடு முழுக்க ஒரே கோடு.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒரு சின்ன விதி. வருமானக் கேள்விகள் 15 வயது நிரம்பியவர்களிடம்தான் கேட்கப்படும். குடும்பம் என்றால் ரத்தம், திருமணம், தத்து ஆகிய உறவால் கட்டப்பட்டவர்கள். அப்படியானால், பெற்றோரிடமிருந்து பிரித்து அரசாங்கமே வேறொரு வீட்டில் வளர்க்கக் கொடுத்திருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளை என்ன ஆகும்? அது அந்த வீட்டுக் குடும்பத்தில் சேராது, உறவு இல்லை. தனியாளாகவும் சேராது, 15 வயது ஆகவில்லை. அதிகாரபூர்வ வறுமைக் கணக்கில் அந்தப் பிள்ளை ஏழையும் இல்லை, ஏழையில்லாததும் இல்லை. கணக்கின் எல்லைக்குள்ளேயே அது கிடையாது. நாட்டிலேயே மிக ஆபத்தான நிலையில் இருக்கும் குழந்தைகளில் ஒரு கூட்டம், குழந்தை வறுமை எண்ணிக்கையில் வகுபடும் எண்ணிலும் இல்லை, வகுக்கும் எண்ணிலும் இல்லை.

இதெல்லாம் நிபுணர்களுக்குத் தெரியாமல் இல்லை. 1976லேயே அரசின் சுகாதார, கல்வி, நலத்துறை பெரிய அறிக்கை போட்டது. 1995இல் தேசிய அறிவியல் கழகத்தின் குழு, கோட்டை எப்படி மாற்றலாம் என்று ஒரு முழுத் திட்டமே எழுதிக்கொடுத்தது. எந்த ஜனாதிபதியும் தொடவில்லை. காரணம் எளிது. பழைய கோட்டை வைத்துத்தான் எத்தனையோ திட்டங்களில் யாருக்கு உரிமை என்று தீர்மானிக்கிறார்கள். பள்ளியில் இலவச மதிய உணவு வேண்டுமானால் குடும்ப வருமானம் அந்தக் கோட்டை ஒட்டிய வழிகாட்டித் தொகையின் 130 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 185 சதவீதம் வரை என்றால் குறைந்த விலையில். சிறுபிள்ளைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் பள்ளிகளுக்கும் அதே கோடுதான் வாசற்படி. கோட்டை நகர்த்தினால் கோடிக்கணக்கான டாலர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு, ஒரு வயதினரிடமிருந்து இன்னொரு வயதினருக்கு நகரும். எந்த செனட்டரும் தன் மாநிலத்து ஏழைகள் ஒரே இரவில் குறைந்துபோவதைச் சம்மதிக்க மாட்டார்.

கடைசியில் அரசாங்கங்கள் வழக்கமாகச் செய்யும் காரியத்தைச் செய்தார்கள். பழையதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியது ஒன்றை வைத்தார்கள். 2011 நவம்பரில் கணக்கெடுப்புத் துறை 'துணை வறுமை அளவு' என்று ஒன்றை முதல்முறையாக வெளியிட்டது. சாப்பாடு, உடை, வீடு, மின்சாரம் போன்ற பயன்பாடுகள் நான்குக்கும் மக்கள் உண்மையில் செய்யும் செலவிலிருந்து இதன் கோடு வருகிறது. ஊருக்கு ஊர் வாடகை வித்தியாசம் உண்டு. ஃபுட் ஸ்டாம்ப், வரிச்சலுகை, வாடகை மானியம், பள்ளி உணவு எல்லாம் வருமானத்தில் சேரும். வரி, மருத்துவச் செலவு, வேலைக்குப் போகும் செலவு எல்லாம் கழியும். வளர்ப்பு வீட்டில் இருக்கும் பிள்ளையும் அந்தக் குடும்பத்தோடு எண்ணப்படுகிறது.

முதல் அறிக்கையிலேயே படம் மாறியது. 2010க்குப் பழைய கணக்கில் 22 சதவீதத்தை ஒட்டி இருந்த குழந்தை வறுமை, புதியதில் 18.2 ஆனது. முதியவர்களின் வறுமையோ 9 சதவீதத்திலிருந்து 15.9க்கு ஏறியது. மருத்துவச் செலவைக் கழித்துப் பார்த்ததன் விளைவு. 1965இல் ஓர்ஷான்ஸ்கி முதியவர்களின் பக்கத்திலிருந்து குழந்தைகளின் பக்கத்துக்கு நகர்த்திய முள்ளை, அவர் போன பிறகு வந்தவர்கள் கொஞ்சம் திருப்பி நகர்த்தினார்கள் என்று சொல்லலாம். இந்த முறை இரண்டு பக்கத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது.

இரண்டு அளவுகோல்களும் பத்து வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஆராய்ச்சியாளர்கள் தவிர யாரும் அதிகம் கவலைப்படவில்லை. பிறகு 2021 வந்தது.

அந்த மார்ச்சில் பைடன் கையெழுத்திட்ட கொரோனா நிவாரணச் சட்டத்தில் குழந்தை வரிச்சலுகையை ஒரு வருடத்துக்கு மாற்றி எழுதினார்கள். அதுவரை ஒரு பிள்ளைக்கு 2,000 டாலர்வரை என்று இருந்தது. ஆனால் பெற்றோரின் சம்பளம் கூடக்கூடத்தான் தொகையும் கூடும். அதனால் மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்குக் கொஞ்சமாகவோ ஒன்றுமில்லாமலோ போயிற்று. நாட்டுக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு முழுத்தொகை கிடைக்காமல் இருந்தது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத் தவிர மற்றவர்களுக்கு முழுசாகக் கொடுக்கும் சலுகை. புதிய சட்டம் ஆறு வயதுக்குக் கீழே 3,600, அதற்கு மேல் 17 வயதுவரை 3,000 என்று உயர்த்தி, சம்பளமே இல்லாத வீட்டுக்கும் முழுத்தொகை உண்டு என்றது. பாதிப் பணம் 2021 ஜூலை 15 முதல் டிசம்பர்வரை மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழுந்தது, சின்னப் பிள்ளைக்கு 300, பெரிய பிள்ளைக்கு 250. வாங்கிய பணத்தை என்ன செய்தீர்கள் என்று கணக்கெடுப்புத் துறை கேட்டபோது, சாப்பாட்டுக்கு என்று சொன்னவர்களே அதிகம். துணிமணி, பள்ளிச் செலவு, வாடகை என்று தொடர்ந்தது பட்டியல். இதற்கு மேல் அந்த வருடம் ஆளுக்கு 1,400 டாலர் கொரோனா உதவியும் பிள்ளைகள் உட்படப் பெரும்பாலானவர்களுக்கு வந்திருந்தது.

2022 செப்டம்பர் 13ஆம் தேதி, 2021க்கான கணக்கு வெளியானது. துணை அளவின்படி குழந்தை வறுமை 5.2 சதவீதம். முந்தைய வருடம் 9.7. அந்த அளவு தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு தாழ்ந்ததே இல்லை. அதே நாள், அதே துறை, அதே கணக்கெடுப்பிலிருந்து வெளியிட்ட அதிகாரபூர்வ எண் 15.3. வரிச்சலுகை ரொக்க வருமானம் இல்லையே. ஓர்ஷான்ஸ்கியின் கோட்டுக்கு அது கண்ணில் படாது. அரை நூற்றாண்டில் அமெரிக்கா குழந்தைகளுக்காகச் செய்த மிகப் பெரிய காரியம், குழந்தைகளுக்காகவே பிறந்த அளவுகோலில் பதிவாகவில்லை.

எண் வெளியாவதற்குள் விரிவாக்கிய சலுகை செத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதை நீட்டிக்கும் மசோதா 2021 நவம்பரில் கீழவையில் நிறைவேறி, ஐம்பதுக்கு ஐம்பது என்று பிளந்திருந்த செனட்டில் சிக்கியது. மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மேன்ச்சின், அப்போது பைடனின் கட்சிக்காரர், டிசம்பர் 19ஆம் தேதி தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு தான் ஓட்டுப் போடப் போவதில்லை என்றார். ஜனவரியில் பணம் வரவில்லை. சலுகை பயன்பட்டதா இல்லையா என்று சொல்லும் கணக்கு வருவதற்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. அளவெடுப்பவர்கள் ஒரு வருடம் பின்னால் நடக்கிறார்கள், ஓட்டுப் போடுபவர்கள் முன்னாலேயே போய்விடுகிறார்கள்.

2023 செப்டம்பரில் 2022க்கான எண்கள் வந்தன. துணை அளவில் குழந்தை வறுமை 12.4 சதவீதம். ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். கூடுதலாக 50 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள். சலுகை போனதோடு கொரோனா உதவிகளும் போயின, விலைவாசி வேறு ஏறியிருந்தது. அதிகாரபூர்வக் கணக்கிலோ 15.3லிருந்து 15.0. கொஞ்சம் குறைந்தேவிட்டது! ஒரே நாட்டில், ஒரே வருடத்தில், ஒரே துறை வெளியிட்ட இரண்டு அட்டவணைகள். குழந்தைகள் நிலை சற்றுத் தேவலை என்கிறது ஒன்று. வீடு பற்றியெரிகிறது என்கிறது மற்றொன்று. செய்தித்தாள்கள் பெரும்பாலும் இரண்டாவதைத் தலைப்பாக்கின. இலவச மதிய உணவுக்கும் ஹெட் ஸ்டார்ட்டுக்கும் விண்ணப்பித்த குடும்பங்களின் தாள்களில் அலுவலர்கள் வைத்துப் பார்த்தது, 1955ஆம் வருடத்துச் சாப்பாட்டுக் கணக்கிலிருந்து வந்த முதலாவதை.

அடுத்த இதழில் பிரிட்டன். 1999 மார்ச்சில் லண்டன் டாயின்பீ ஹாலில் டோனி பிளேர், ஒரு தலைமுறைக்குள் குழந்தை வறுமையை ஒழிப்பேன் என்று அறிவித்தார். அந்த வாக்குறுதியைச் சட்டமாக எழுதி, அதற்கு நான்கு அளவுகோல்களை வைத்து, பிறகு வேறொரு அரசாங்கம் வந்து அந்த இலக்குகளையே சட்டத்திலிருந்து எடுத்த கதையைப் பார்ப்போம்.

(தொடரும்)